எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு இணையப் பாடநூல் எடுக்கும்போது

கல்லூரியில் பகுதி 2 ஆங்கிலம் (எல்லாத் துறை மாணவர்களும் படிக்கும் பொது ஆங்கிலம்) எடுக்கும் ஆசிரியர்கள் பலர் இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இலவசமாக வெளியிட்டுள்ள எழுத்துப் பயிற்சி நூல்களைத் தேடி எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் புத்தகத்தை அப்படியே கொண்டுபோய் வகுப்பில் நிறுத்தினால் இரண்டாம் வாரமே மாணவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இந்த நூல்களின் பலமே அவற்றை வெட்டலாம், ஒட்டலாம், மாற்றி எழுதலாம் என்பதுதான். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்னால் உரிமப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

இலவசமாகப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் எடுத்து மாற்றிவிட முடியாது. பர்டூ பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சித் தளமான ‘பர்டூ அவுல்’ 1990-களிலிருந்து இணையத்தில் இருக்கிறது. உலகமே அதைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் அதன் பதிப்புரிமை பல்கலைக்கழகத்திடம்தான். மாணவர்களுக்கு இணைப்பைக் கொடுக்கலாமே தவிர, பக்கங்களை நகலெடுத்து உங்கள் பாடக் கையேட்டில் சேர்ப்பதற்கு இடமில்லை. மாற்றி எழுத வேண்டுமானால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (பிறர் பயன்படுத்த ஆசிரியரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி) உள்ள நூலாகப் பாருங்கள். அதிலும் உரிமத்தின் பெயரில் வரும் ஆங்கில எழுத்துகளைக் கவனியுங்கள். ‘பிஒய்’ என்றால் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ‘எஸ்ஏ’ இருந்தால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்சி’ வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. நமக்குப் பெரிய தலைவலி ‘என்டி’. அது இருந்தால் மாற்றிய வடிவத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால், தமிழ் விளக்கத்தோடு ஒரு அத்தியாயத்தைத் திருத்தி எழுதிப் பரப்பும் எண்ணம் இருந்தால் என்டி நூலைத் தொடவே வேண்டாம். 2010-இல் முதல் தொகுதி வந்த ‘ரைட்டிங் ஸ்பேசஸ்’ கட்டுரைத் தொடர் மாணவர்களை நேரடியாக முன்னிலைப்படுத்திப் பேசும் அருமையான தொடர். அதில் உரிமம் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

தேடுவதற்கு மினசோட்டா பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய ‘ஓபன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி’ என்ற இலவசப் பாடநூல் தளம் வசதியானது. பல நூல்களுக்குக் கீழே கல்லூரி ஆசிரியர்களே எழுதிய மதிப்புரைகள் உள்ளன. குறைவான மதிப்பெண் கொடுத்தவர்களின் மதிப்புரையை முதலில் படியுங்கள். பயிற்சிகள் போதாது, எடுத்துக்காட்டுகள் பழசு என்ற உண்மைகளெல்லாம் அங்கேதான் இருக்கும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் வெளியீட்டு அமைப்பான ஓபன்ஸ்டாக்ஸும் 2021-இல் ஒரு எழுத்துக் கையேட்டை வெளியிட்டது. பார்க்க அழகான நூல். ஆனால் ஆங்கில வாக்கியத்திலேயே தடுமாறும் முதலாண்டு மாணவருக்கு அது கனம் அதிகம் என்பது என் கருத்து.

அப்படிப்பட்ட வகுப்புக்கு நான் சொல்வது ‘ரைட்டிங் ஃபார் சக்ஸஸ்’. மினசோட்டா பல்கலைக்கழக நூலகம் 2015-இல் வெளியிட்ட பதிப்பு. வாக்கியம், நிறுத்தக்குறி, பத்தி, கட்டுரை, ஆய்வுக் கட்டுரை என்று படிப்படியாக ஏறும் 15 அத்தியாயங்கள். உரிமம் பிஒய்-என்சி-எஸ்ஏ. இதில் ஆசிரியர் பெயர் எங்கே என்று பலர் தேடுகிறார்கள். கிடைக்காது. இது வேறொரு பதிப்பகத்தின் நூலிலிருந்து உருவான வடிவம். அந்தப் பதிப்பகம் தன் பெயரும் மூல ஆசிரியர் பெயரும் குறிப்பிடப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக நூலிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே நூலின் தலைப்பு, மினசோட்டா பதிப்பு என்ற விவரம், இணைய முகவரி, உரிமத்தின் பெயர், நீங்கள் செய்த மாற்றம் ஆகிய ஐந்தையும் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். கடைசியாகச் சொன்ன ‘மாற்றம்’ பற்றிய வரிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ‘5-ஆம் அத்தியாயத்தின் பயிற்சிகள் தமிழ் மாணவர்களுக்காக மாற்றப்பட்டுள்ளன’ என்று ஒரே வரி போதும்.

இந்த நூலில் கண்டிப்பாகத் தூக்க வேண்டிய பகுதி 13-ஆம் அத்தியாயம். மேற்கோள் நூல்களை எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்), ஏபிஏ (அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன்) முறைகளில் எழுதக் கற்றுத்தரும் அத்தியாயம் அது. எம்எல்ஏ 8-ஆம் பதிப்பு 2016-லும் 9-ஆம் பதிப்பு 2021-லும் வந்தன. ஏபிஏ 7-ஆம் பதிப்பு 2019-இல் வந்தது. 2015-இல் வந்த நூலில் இவை இருக்க வழியில்லை. எந்த நூலாக இருந்தாலும் பழசா என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. எம்எல்ஏ எடுத்துக்காட்டின் முடிவில் ‘பிரிண்ட்’ அல்லது ‘வெப்’ என்ற சொல் இருந்தால் அது 2016-க்கு முந்தைய முறை. ஏபிஏ எடுத்துக்காட்டில் பதிப்பகத்தின் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் இருந்தால் அது 6-ஆம் பதிப்பு அல்லது அதற்கும் முந்தையது. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, இப்போதைய முறைக்குப் பர்டூ தளத்தின் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இனி 5-ஆம் அத்தியாயம். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களுக்கானது. உழைப்பு முழுவதையும் இங்கே கொட்டலாம். நூலில் உள்ள பயிற்சிகள் எந்த மொழி பேசுபவருக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதப்பட்டவை. தமிழ் மாணவரின் தடுமாற்றம் எங்கே என்று நமக்குத்தான் தெரியும். ‘மேசையில் புத்தகம் இருக்கிறது’, ‘அறையில் அம்மா இருக்கிறார்’, ‘பேருந்து நிறுத்தத்தில் நண்பன் இருக்கிறான்’. மூன்றிலும் ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘ஆன்’, இரண்டாவதற்கு ‘இன்’, மூன்றாவதற்கு ‘அட்’. முன்னிடைச்சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இந்த மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, மேற்பரப்பு, உட்புறம், ஓர் இடப்புள்ளி என்று பிரித்துக் காட்டினால் மனதில் நிற்கும். அடுத்து இதே மாதிரி 10 வாக்கியங்களைத் தமிழில் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்ற பிழையாக வந்து விழுகிறது. ‘இன்றே’ என்பதில் உள்ள ஏகாரம் ‘டுடே இட்செல்ஃப்’ ஆகிறது. பிழையின் வேர் தமிழில் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால், சிவப்பு மை செய்யாத வேலையை அது செய்யும்.

பயிற்சிகளை நிரப்ப விக்கிப்பீடியாவிலிருந்து பத்திகள் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். விக்கிப்பீடியா பிஒய்-எஸ்ஏ. இந்த நூல் பிஒய்-என்சி-எஸ்ஏ. இரண்டுமே ‘மாற்றியதை என் உரிமத்திலேயே வெளியிடு’ என்று கேட்பதால் இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக நெய்ய முடியாது. விக்கிப்பீடியாப் பத்தியை மாற்றாமல் தனிப் பெட்டியாக வைத்து, அதற்கடியில் அதன் உரிமத்தை எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. புகைப்படங்கள், கவிதைகள், நாளிதழ்க் கட்டுரைகளுக்கு அடியில் ‘அனுமதியுடன் பயன்படுத்தப்பட்டது’ என்றிருந்தால் அந்த அனுமதி நூலை வெளியிட்டவருக்கு மட்டும்தான். அதை எடுத்துவிடுங்கள்.

கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை, திருத்துவதற்குப் பிடிஎஃப் உதவாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினால் தலைப்பு, உட்தலைப்பு அமைப்புகள் பெரும்பாலும் தங்கிவிடும், அவற்றிலிருந்து பொருளடக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம். கைபேசியில் படிப்பவர்களுக்கு இபப் (திரைக்கேற்ப எழுத்து அமையும் மின்னூல் வடிவம்) கொடுங்கள். பிடிஎஃப் பக்கம் சின்னத் திரையில் எறும்பு எழுத்தாகிவிடும். அச்சிடும்போது இன்னொன்று: அமெரிக்கப் பிடிஎஃப் பெரும்பாலும் ‘லெட்டர்’ அளவு, 216 × 279 மில்லிமீட்டர். நம் ஏ4 210 × 297. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம். செலவைக் குறைக்க ஒரு தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்கள் அடித்தால் 11 புள்ளி எழுத்து 8-க்கும் கீழே இறங்கிவிடும். அதற்குப் பதில் தேவையான ஐந்து அத்தியாயங்களை மட்டும் இருபுறமும் அச்சிடுங்கள்.

என்சி உரிமம் உள்ள நூலை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து நகலெடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் ‘கிரேட் மைண்ட்ஸ்’ என்ற பாடநூல் நிறுவனம், என்சி உரிமம் உள்ள தன் நூலை நகலெடுத்ததற்காக நகலகங்கள்மேல் தொடுத்த வழக்குகளில் 2018-லும் 2019-லும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கடைகளின் பக்கமே தீர்ப்பளித்தன. பள்ளி தன் கல்வித் தேவைக்காகக் கடைக்காரரிடம் நகலெடுக்கச் சொன்னால் அது பள்ளியின் பயன்பாடுதான் என்பது அதன் சாரம். இந்தியாவில், டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடத்துக்கான நகல்களைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்றது. ஆனால் அது வகுப்புக்கான நகலைப் பற்றியது. அதைக் காட்டி அடுத்தவர் நூலை இணையத்தில் ஏற்றிவிட முடியாது. எப்படியும் துறை சார்பில் கையேட்டை விற்று லாபம் பார்க்காதீர்கள், நகலெடுத்த செலவை மட்டும் வாங்குங்கள்.

மொழிப் பாடங்களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு மொழிப் பாடநூலான ‘ஃபிரான்சே அன்டராக்டிஃப்’ போன்றவை நூலோடு ஒலி, காணொளிகளையும் தருகின்றன. பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பாருங்கள். இறக்க முடிந்த ஒலிக்கோப்புகளை இறக்கி, அத்தியாய எண்ணைக் கோப்பின் பெயரிலேயே போட்டு ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இணையம் இல்லாத நாளில் அதை வைத்தே கேட்டல் பயிற்சியை நடத்திவிடலாம்.