ஐகோர்ட் சுவரில் ஒரு கல்

"இன்னாண்ணா எழுதிக்கீது அதுல?"

ஐகோர்ட் கிழக்குச் சுவரோரம் பைக்கை நிறுத்திய பையன் கேட்டான். எம்டன் குண்டு போட்டதைச் சொல்லும் கல். எழுத்துப் பள்ளங்களில் எல்லாம் தூசி.

1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கடலில் நின்றபடியே சுட்டது. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் டேங்குகள் பற்றி எரிந்தன. அங்கே நின்ற கப்பலிலும் ஆள் செத்தார்கள்.

அந்த முதல் உலகப் போரில் மாண்ட சிப்பாய்களுக்குக் கோட்டைக்குத் தெற்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. பிறகு நடந்த போர்களில் போனவர்களையும் அதில் சேர்த்தார்கள். சேர்க்க வேண்டியதுதான்.

ஆனால் குண்டு வந்து விழுந்தது எங்க வடசென்னையில்.

துறைமுகத்தில் செத்தவர்கள் பேரில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சந்துகூட நான் பார்த்ததில்லை. முதல் தெரு, இரண்டாவது தெரு என்று நம்பர் போட்டே ஓட்டுகிறோமே, அதில் ஒன்றைக் கொடுத்தால் என்ன?