பேகன் கொடுத்த படாம்

பள்ளித் தமிழ் மன்றத்துக்கு ஆண்டு தவறாமல், மயிலுக்குத் துணி கொடுத்த சங்ககால வள்ளல் பேகன் வருவார். அட்டைக் கிரீடம், விடுதிக் கட்டிலிலிருந்து உருவி வந்த கம்பளி, அதன் அடியில் குனிந்து நடுங்கும் மயில். கொடைக்கானல் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுக்கத்தைச் சொல்லித் தரவே வேண்டாம். நம் சங்க விழாவிலும் அதே நாடகமாம். போடுங்கள், கம்பளியை மட்டும் விட்டுவிடுங்கள்.

புறநானூற்றில் அது படாம், சிறுபாணாற்றுப்படையில் கலிங்கம். இரண்டும் துணிதான். தோளில் கிடக்கும் பட்டு அங்கவஸ்திரம், நாலு முழம் போதும். கம்பளி தோகையை அமுக்கிவிடும், உருக வேண்டிய இடத்தில் சபை சிரிக்கும். திரையில் ஏரிக்கரை மூடுபனியும் வேண்டாம். சிறுபாணாற்றுப்படையின் 'வானம் வாய்த்த வளமலைக் கவாஅன்' என்பது மழை வாய்த்த மலைச்சரிவு. பேகனின் ஊர் பொதினி, இன்றைய பழனி. கார்மேகம் வரையுங்கள்.

பெரிய தப்பு, பேகனை வெகுளியாக நடிக்க வைப்பது. புலவர் பரணர் புறநானூறு 145இல் மயில் 'பனிக்கும்', அதாவது நடுங்கும், என்று இரங்கிக் கொடுத்தான் என்கிறார். 141இலோ 'உடாஅ, போரா ஆகுதல் அறிந்தும்' என்கிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான். அந்த 'அறிந்தும்' நடிகரின் முகத்தில் தெரிய வேண்டும். 142இல் அவன் குளம், வயல், உவர்நிலம் என்று பாராமல் பெய்யும் மாரி. கொடைமடம் உண்டு, அதாவது பாராமல் கொடுப்பான்; படைமடம் கிடையாது, போரில் அறிவு தவற மாட்டான். ஆகவே இடுப்பில் வாள் அவசியம்.

நேரமிருந்தால் பெரியபுராணத்துச் சேர மன்னர் சேரமான் பெருமாளையும் சேர்க்கலாம். பழனித் திருப்புகழிலும் வருகிறவர்தானே. உவர்மண் படிந்து வெளுத்த வண்ணானைக் கண்டதும் திருநீறு நினைவு வர, யானையிலிருந்து இறங்கி வணங்குகிறார். அவன் பதறி 'அடி வண்ணான்' என்கிறான். இவரோ 'அடிச்சேரன்' என்கிறார். வண்ணான் என்று தெரிந்த பிறகும் வணக்கத்தைத் திரும்பப் பெறவில்லை. இங்கும் சிரிப்புக்கு இடம் கொடுத்தால் காட்சி போச்சு.

புறநானூறு 143 முதல் 147 வரை நாம் வகுப்பில் படிக்காத பேகன். மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தவனிடம் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நால்வரும் அவளுக்காகப் பேசுகிறார்கள். மயிலுக்கு இரங்கியவனிடம், பசித்து வரவில்லை, சுற்றத்தின் சுமையும் இல்லை என்கிறார் பரணர். அவர் கேட்கும் பரிசில் ஒன்றுதான்: இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர். கடைசிக் காட்சிக்கு அந்தத் தேரை வைத்துக்கொள்ளுங்கள்.