ஸ்காட்டிஷ் ஏலுக்கு 15 நிமிடம்: பீர் நடுவர் சுவைத் தேர்வில் கற்றது

முதல் முறை சுவைத் தேர்வு எழுதியபோது இரண்டாவது கோப்பையாக ஸ்காட்டிஷ் எக்ஸ்போர்ட் என்ற ஏல் (அதிகம் குளிரில்லாத வெப்பத்தில் புளிக்கவைக்கும் பீர்) வந்தது. செம்பு நிறம், நல்ல தெளிவு, முகர்ந்ததுமே கேரமல். எனக்குப் பிடித்த வகை என்பதால் மனதில் ஒரு நிம்மதி. "மால்ட் நன்றாக இருக்கிறது, இனிப்பு, கேரமல், ஹாப்ஸ் குறைவு" என்று மளமளவென எழுதி முடித்துவிட்டேன். (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம், ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ.) 15 நிமிடத்தில் ஏழு நிமிடம் மீதி இருந்தது. பல மாதம் கழித்து முடிவு வந்தது: நூற்றுக்கு 64. மதிப்பீட்டுக் குறிப்பைப் படித்தபோது விவரிப்பில்தான் பெரிதும் சறுக்கியிருந்தேன் என்று தெரிந்தது. எந்தத் தாளில் சறுக்கினேன் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு நான் தயாரானது பெரும்பாலும் இந்த ஒரே வகை பீரை வைத்துத்தான். மால்ட்டை முன்னிறுத்தும் ஏலை ஒழுங்காக எழுதக் கற்றவருக்கு மற்ற வகைகள் அவ்வளவு கடினமாக இருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. ஹாப்ஸ் தூக்கலான பீர் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். மால்ட் அப்படியல்ல, நாம் தேடிப் போகவேண்டும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 1985-இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற நடுவர் சான்றிதழ் அமைப்பு இதை நடத்துகிறது. முதலில் இணையவழி நுழைவுத் தேர்வு, அதில் தேறிய பிறகு சுவைத் தேர்வு. சுவைத் தேர்வில் ஆறு பீர், 90 நிமிடம். வகையின் பெயரை மட்டும் சொல்வார்கள், ஒவ்வொரு பீர் வகையும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி நூலைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பீருக்கும் 50 மதிப்பெண் கொண்ட தாள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. அனுபவமுள்ள நடுவர்கள் அதே பீர்களைத் தனியாகச் சுவைத்து எழுதுவார்கள். நம் தாளை அவர்கள் தாளோடு ஒப்பிடுவார்கள். கண்டுணர்தல், விவரிப்பு, பீர் காய்ச்சியவருக்கான ஆலோசனை, முழுமை, மதிப்பெண் துல்லியம் என்ற ஐந்துக்கும் சமப் பங்கு. 70 எடுத்தால் 'சர்டிஃபைடு' நிலைக்கான தேர்வுத் தகுதி கிடைக்கும், 80 எடுத்தால் 'நேஷனல்' நிலைக்கான வழி திறக்கும்.

இனி பீருக்கு வருகிறேன். ஸ்காட்டிஷ் ஏல்களில் லைட், ஹெவி, எக்ஸ்போர்ட் என்று மூன்று படிகள். இவற்றுக்குப் பழைய பெயர்கள் 60, 70, 80 ஷில்லிங். ஒரு காலத்தில் பீப்பாய்க்கு விதித்த விலையிலிருந்து வந்த பெயர்கள் அவை. வலிமை கூடக்கூட விலையும் கூடியது. எக்ஸ்போர்ட்டின் ஆல்கஹால் ஏறத்தாழ 3.9 முதல் 6 சதவீதம், கசப்பு 15 முதல் 30 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு). வீ ஹெவி என்ற வலுத்த ஏல் இவற்றிலிருந்து தனி வகை. அது 6.5 சதவீதத்தில் தொடங்கி 10 வரை போகும். தேர்வில் இந்த எல்லைகள் தலையில் இல்லாவிட்டால், அடர்த்தியான ஒரு எக்ஸ்போர்ட்டை வீ ஹெவியின் அளவுகோலால் அளந்து "உடல் (வாயில் உணரும் கனம்) போதவில்லை" என்று எழுதிவிடுவோம். நான் பயிற்சியில் இரண்டு முறை அப்படி எழுதினேன்.

இன்னொரு பொறி, புகை. ஸ்காட்லாந்து என்றாலே பலருக்கு பீட் என்ற சதுப்புநில மண்கரியின் புகை வாசம் நினைவுக்கு வரும். அது விஸ்கிக்கு உரியது. இந்த ஏல்களில் பீட் புகை இருந்தால் வழிகாட்டியின்படி அது வகைக்குப் பொருந்தாத குறை. மனதில் எதிர்பார்ப்பு இருந்தால் மூக்கு இல்லாததையும் முகரும். சிறிதளவு வறுத்த பார்லி தரும் உலர்ந்த, மண் சார்ந்த சாயலைப் புகை என்று எழுதிய தாள்களைப் பயிற்சிக் குழுவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் தயாரிப்பில் மிக நீண்ட நேரம் பிடித்தது ஒரே விஷயம்: மால்ட் சுவையையும் இனிப்பையும் பிரித்தறிவது. இரண்டும் ஒன்று என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைக்கிறோம். இனிப்பு நாக்கு உணர்வது. ரொட்டி, பிஸ்கட், டாஃபி என்று நாம் சொல்வதெல்லாம் மூக்கு உணர்வது. நல்ல எக்ஸ்போர்ட் ஒன்று மால்ட் மணத்தில் நிறைந்திருக்கும், ஆனால் விழுங்கி முடித்ததும் வாய் ஓரளவு உலர்ந்தே இருக்கும். அதைப் போய் "இனிப்பு" என்று எழுதினால் கண்டுணர்தலிலும் அடி, விவரிப்பிலும் அடி.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். அப்போது தெரிவது இனிப்பும் கசப்பும் உடலின் கனமும் மட்டும்தான். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். டாஃபியும் வறுத்த ரொட்டித்தூளும் ஒரே வீச்சில் வந்து நிறையும். அந்த ஒரு நொடி வித்தியாசத்தை முதன்முதலில் உணர்ந்த நாளில், அதுவரை எழுதிய தாள்களை எடுத்து மறுபடி படித்தேன். "இனிப்பு" என்று இருந்த இடங்களில் பாதிக்கு மேல் தவறு. வாரம் இரண்டு முறை, ஒரு மாதம் செய்தால் போதும், பிறகு மூக்கைப் பிடிக்காமலே பிரிக்க வரும்.

இரண்டாவது சிக்கல் பட்டர்ஸ்காட்ச். இந்த வகையில் மால்ட்டே பட்டர்ஸ்காட்ச்சை நினைவூட்டும் சாயலைத் தரலாம், அது குற்றமில்லை. ஆனால் டைஅசிட்டைல் என்ற சேர்மமும் வெண்ணெய் வாசம்தான் தரும். பீர் புளிக்கும்போது ஈஸ்ட் வெளியிடும் ஒரு பொருள் டைஅசிட்டைலாக மாறுகிறது. நொதித்தல் முடியும் தறுவாயில் ஆரோக்கியமான ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிர்வித்தாலோ ஈஸ்ட்டிலிருந்து சீக்கிரம் பிரித்தாலோ அது பீரிலேயே தங்கிவிடும். எப்படிப் பிரித்தறிவது? கோப்பையைக் கைகளால் பொத்திச் சற்றுச் சூடாக்குங்கள். கேரமல் என்றால் ரொட்டி, டாஃபி போன்ற மற்ற மால்ட் மணங்களோடு ஒட்டியே இருக்கும். டைஅசிட்டைல் என்றால் வெண்ணெய் பூசிய பாப்கார்ன் போலத் தனியே எழும்பி வரும், பல நேரம் நாக்கில் ஒரு வழவழப்பும் இருக்கும். இந்தக் காரணத்துக்காகவே கோப்பையில் கடைசி இரண்டு மிடறை எப்போதும் மிச்சம் வையுங்கள். சில்லென்று இருக்கும்போது இந்த ஏல் வாயே திறக்காது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரும்போதுதான் பேசும்.

எழுத்து விஷயத்தில் நான் மாற்றியது இது. முன்பு: "மால்ட் மணம், கேரமல், நன்று." இப்போது: "மிதமான மால்ட் மணம், வறுத்த ரொட்டியின் ஓரம், மெல்லிய டாஃபி. பின்னால் மிகக் குறைவாக ஆப்பிள் சாயல் கொண்ட பழ மணம். மண் சார்ந்த ஹாப்ஸ், குறைவு. டைஅசிட்டைல் இல்லை. சூடானதும் டாஃபி சற்று மேலெழுகிறது." ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்ற அளவு, எதைப்போல என்ற ஒப்பு, இல்லாததைப் பற்றிய குறிப்பு. ஹாப்ஸ் மணமே இல்லை என்றாலும் அதை எழுதவேண்டும். எழுதாவிட்டால் நாம் தேடவே இல்லை என்றுதான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார், அதில் நியாயமும் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, கோப்பை மேசைக்கு வந்த உடனே முகருங்கள், பேனாவைப் பிறகு எடுக்கலாம். எளிதில் பறந்துபோகும் மணங்கள் முதல் நிமிடத்திலேயே போய்விடும். மணத்தைக் குறித்துவிட்டு, தோற்றத்தை ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். மூன்றே மதிப்பெண்ணுக்கு அதற்கு மேல் செலவிட முடியாது. சுவைக்கு ஐந்து நிமிடம். கடைசி நான்கு நிமிடம் கண்டிப்பாக ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு. பயிற்சியைத் தெளிவான பிளாஸ்டிக் கோப்பையிலேயே செய்யுங்கள். தேர்வில் பெரும்பாலும் அதுதான் வரும், அதன் சொந்த வாசம் மூக்குக்குப் பழகியிருக்கவேண்டும்.

ஆலோசனை எழுதும் இடத்தில் பலர் பொதுவாக எழுதி நழுவுகிறார்கள். "மால்ட்டைக் கூட்டலாம்" என்றால் காய்ச்சியவர் என்ன செய்வார்? நீங்கள் கண்ட குறையும் சொல்லும் தீர்வும் பொருந்தவேண்டும். வெண்ணெய் வாசம் கண்டால், நொதித்தலின் இறுதியில் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்திச் சில நாள் ஈஸ்ட்டோடு விடச் சொல்லுங்கள். முடிவு தித்திப்பாகத் தேங்கி நின்றால், கேரமல் இனிப்பு தரும் கிரிஸ்டல் மால்ட்டின் அளவைக் குறைக்கவோ, மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) வெப்பத்தை ஓரிரு டிகிரி தாழ்த்தவோ சொல்லலாம். நனைந்த அட்டை வாசம் வந்தால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறை எதுவும் காணாவிட்டால் இட்டுக்கட்டவேண்டாம். எது சிறப்பாக இருந்தது என்று குறிப்பாக எழுதுவதும் ஆலோசனைதான்.

மதிப்பெண் போடுவதில் என் பழக்கம்: முதலில் எந்தப் படி என்று தீர்மானிப்பேன். 30 முதல் 37 வரை என்றால் வகைக்குப் பொதுவாகப் பொருந்தும், சிறு குறைகள் உண்டு. 38 முதல் 44 என்றால் வகையை நன்றாகவே காட்டுகிறது, நுண்ணிய திருத்தம் போதும். படியை முடிவு செய்த பிறகே தனித்தனிப் பகுதிகளுக்குப் பங்கிடுவேன். எழுத்தில் புகழ்ந்துவிட்டு 27 போட்டால் இரண்டில் ஒன்று பொய். தேர்வுத் தாளில் அது அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டாம் முறை ஸ்காட்டிஷ் வகை எதுவும் வரவில்லை. ஐந்தாவதாக ஒரு ஜெர்மானிய டுங்கெல் வந்தது. ரொட்டி ஓடு மணம் நிறைந்த பழுப்பு லாகர் (ஏலைவிடக் குளிரில் புளிக்கவைக்கும் பீர்) அது. மூக்கை விரலால் பிடித்து ஒரு மிடறு விழுங்கினேன், விட்டேன், எழுதத் தொடங்கினேன். மணி அடிக்கும்போது கடைசி வரியை முடித்துக்கொண்டிருந்தேன். முடிவு 78.