அப்பாவின் பல்செட்

ஜூன் 9, பர்கூர்
குழம்பில் காரமே போடவில்லை. அப்படியும் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "வாயெல்லாம் எரியுது பாப்பா." களியும் வேண்டாமாம். பெங்களூரா மாம்பழம் இரண்டைப் பிழிந்து டம்ளரில் குடித்தார். சர்க்கரை வியாதிக்காரர்! திட்டினால், "வேற எது எறங்குது?" என்கிறார்.

ஜூன் 11
பல்செட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலண்ணம் ஒரே சிவப்பு. செட் மூடுகிற இடம் மட்டும், கோடு கிழித்த மாதிரி. ராத்திரியும் கழற்றுவதில்லையாம். கல்லூரியில் நுண்ணுயிரியல் லேப் பார்க்கிறவள் நான். வாயில் வளரும் பூஞ்சை கேண்டிடா அல்பிகன்ஸ், அதன் படத்தை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். வெட்கமாக இருந்தது.

ஜூன் 12
பல் டாக்டரும் பூஞ்சை என்றார். குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து எழுதினார். மார்ச்சில் வேறொரு இடத்தில் இதே மருந்துதான். செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டது.

ஜூன் 14
செட்டில் சுரண்டியதைக் 'கிராம்' என்ற லேப் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். ஊதாவாக முட்டை முட்டையாய் மொட்டுவிட்ட செல்கள், நடுவே நீள நீளமாக இழைகள். அப்பாவின் உடைந்த பழைய செட்டை அறுத்து இரண்டு துண்டாக்கி, ஒன்றை வெறும் பிராத்திலும் (நுண்ணுயிர் வளர்க்கும் சத்துநீர்) மற்றதைச் சர்க்கரை கலந்த பிராத்திலும் போட்டு, அந்தப் பூஞ்சையையும் விட்டு, 37 டிகிரியில் வைத்தேன்.

ஜூன் 16
இரண்டையும் அலசி, ஒட்டியிருக்கும் பூஞ்சையைக் காட்டும் கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் விட்டேன். வெறும் பிராத் துண்டில் லேசான ஊதாப் புகை. சர்க்கரைத் துண்டு கத்தரிக்காய்த் தோல் மாதிரி. மறுபடி அலசினேன், போகவில்லை. சர்க்கரை கிடைத்தால் பூஞ்சை செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இன்னும் இறுகப் பிடிக்கிறது. போதாததற்கு வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா வேறு. அதன் நொதி பூஞ்சைச் செல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைப் பசைபோன்ற குளுக்கானாக்கிவிடும். பூஞ்சை தானாகச் சுரக்கும் குளுக்கானும் சேர்ந்த அந்தப் படலம் மருந்தை உள்ளே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். செட்டுக்கு அடியில் எச்சில் ஓடி அலசவும் வழியில்லை. எரிச்சலுக்குப் பயந்து மாம்பழச்சாறு குடிக்கிறார், சாறு குடித்து எரிச்சல் கூடுகிறது.

ஜூன் 17
இரவு செட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் டம்ளரில் போட வைத்தேன். பெரிய சண்டை. பொக்கை வாயோடு படுக்க மாட்டாராம். அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்!

ஜூன் 23
சிவப்பு பாதிக்குமேல் வெளுத்திருக்கிறது. செட் டம்ளரில் கிடக்க, ராத்திரி களி கேட்டார். "பல்லு?" என்றேன். "களிய எவன் மெல்லுவான்? முழுங்கத்தானே!" இரண்டு உருண்டை. குழம்பில் காரம் பத்தலையாம்.