கால்வலி இடுப்புக்கு ஏறினது

ஜூன் 3, செவ்வாய்

வலது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வெளிப்புறம் வழியாகப் பெருவிரல் வரை சுண்டி இழுக்கிறது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி. வேலையில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றால் தேவலை. வாயுப் பிடிப்புதான் என்று அத்தை விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டார். இதமாகத்தான் இருந்தது. வலி போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

கால்வலி என்று போனால் டாக்டர் முதுகிலிருந்து ஆரம்பித்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் வலது காலைத் தூக்கினார். பாதி உயரத்துக்குள் கத்திவிட்டேன். பிறகு குதிகாலால் நட, நுனிக்காலால் நட என்றார். கடைசியாகப் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் கீழே அமுக்கினார். இடது விரல் அசைந்து கொடுக்கவில்லை. வலது விரல் பலமில்லாமல் லேசாக இறங்கியது.

முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறதாம். இப்படி ஐந்து வேர்கள் சேர்ந்ததுதான் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடிமனானது.

"ஸ்கேன் வேண்டாங்களா?"

"இப்ப வேண்டாம்மா. நாப்பது வயசுல வலியே இல்லாதவங்களை எடுத்தாலும் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்குன்னுதான் வரும்."

ஆனால் ஒன்றை இரண்டு தடவை சொன்னார்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

ஆளாளுக்கு 'பலகையில படு, அசையாதே' என்கிறார்கள். பயிற்சி சொல்லித்தருகிற பிசியோ தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். 1999-இல் நெதர்லாந்தில் இதே வலி உள்ளவர்களில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்கவைத்து, மறுபாதியினரை நடமாட விட்டுப் பார்த்தார்களாம். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. நானும் வீட்டுக்குள் நடக்கிறேன். ராத்திரி ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை.

ஜூன் 21, சனி

குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டு, கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்குகிற பயிற்சி. நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சி 1956-இல் தற்செயலாகக் கண்டதாம்: தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் ஒருவர் குப்புறப் படுத்துக் கிடக்க, எழுந்தபோது கால்வலி இல்லை.

எனக்குக் கெண்டைக்கால் விட்டுவிட்டது. பதிலுக்கு இடுப்பில் குத்துகிறது. பக்கத்து வீட்டு ஆயா, "இடுப்புக்கு ஏறிருச்சா? அப்ப முத்திப்போச்சு கண்ணு" என்று பயமுறுத்திவிட்டார். பிசியோவுக்கோ ஏக சந்தோஷம். "அதுதானுங்க்கா வேணும்! அழுத்தம் குறையக் குறைய வலி கால்ல இருந்து மேல ஏறும். மறுபடி காலுக்கு இறங்குனா மட்டும் அந்தப் பயிற்சிய நிறுத்திட்டு என்கிட்ட சொல்லுங்க."

யாரும் முதல் நாளே இதைச் சொல்ல மாட்டார்கள் போல. வலி எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எதுவரை என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து சித்தப்பா போன். "ஆபரேஷன் பண்ணிரு, ஒரே வாரத்துல சரியாயிரும்." பொய்யில்லை, ஆபரேஷனில் கால்வலி சீக்கிரம் விடும். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிதுங்கின ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம். விரல் பலம் குறைந்துகொண்டே போனால் பேச்சு வேறு. என்னுடையது குறையவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. சமையலறையில் காலையெல்லாம் நின்றும் கால் இழுக்கவில்லை. சாயங்காலம் பிசியோ பெருவிரலை அமுக்கினார், அசைந்து கொடுக்கவில்லை. கெண்டைக்கால் வெளிப்புறத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரப்பு மட்டும் பாக்கி. அது மெதுவாகத்தான் போகுமாம்.

திங்கள் முதல் வேலைக்கு. பாதி நேரம் ஓவர்லாக், பாதி நேரம் நின்றபடி செக்கிங் என்று சூப்பர்வைசரிடம் பேசியாகிவிட்டது. பீஸ் ரேட்டில் கொஞ்சம் அடிபடும்.