"இப்ப சரியாயிடுச்சு டாக்டரம்மா"

மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் இரத்தம் சற்று நேரம் தடைபட்டுப் பிறகு தானாகவே சீராகும் நிலையை நாங்கள் டி.ஐ.ஏ. என்கிறோம்; மக்கள் மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். புறநோயாளர் பிரிவில் இதைவிட எளிதாகக் கைநழுவிப் போகும் நோய் வேறொன்றை நான் பார்த்ததில்லை. நம் எதிரே வந்து உட்காரும்போது அந்த மனிதர் நன்றாக இருப்பார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், சிரிக்கச் சொன்னால் வாய் கோணாது.

வியாசர்பாடியில் கிளினிக் தொடங்கிய புதிதில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா மூட்டுவலிக்காக வந்திருந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே போனவர் திரும்பிப் பார்த்து, "நேத்து காலைல கோலம் போடறப்ப வலது கை கொஞ்ச நேரம் ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. மாவு விரல்ல நிக்கவே இல்ல. இப்ப சரியாயிடுச்சு" என்றார். கழுத்து நரம்பு அழுத்தமாக இருக்கும் என்று சொல்லி, ஒரு வைட்டமின் மாத்திரையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவருடைய மகள் வந்து, அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை என்றார். நரம்பு அழுத்தமென்றால் கை குறுகுறுக்கும், எரியும். கோலமாவைப் பிடிக்க முடியாமல் விரல்கள் திடீரென்று பலமிழந்ததென்றால் அது மூளையைப் பற்றிய செய்தி. அவர் அதை எனக்குத் தெளிவாகவே சொல்லியிருந்தார், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

டி.ஐ.ஏ. வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் பக்கவாதம் வரும் என்றும், அதில் பாதி முதல் 2 நாட்களிலேயே வந்துவிடும் என்றும் பழைய ஆய்வுகள் காட்டின. உடனடியாகச் சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்து ஏறக்குறைய 80 சதவீதம் குறைகிறது என்று 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு சொன்னது. ஆகவே "அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால் நம் வீடுகளில் யாரும் நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. ஐம்பத்தாறு வயது ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை இரத்த அழுத்த மாத்திரைக்காக அழைத்து வந்த மனைவி, நான் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்: "சாவியக் கையால காட்டிக்கிட்டு 'தண்ணி, தண்ணி'ங்கறாரு. அடுப்புல வெச்ச பால் பொங்கறதுக்குள்ள சரியாயிட்டாரு." எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது: திடீர்த் தொடக்கம், சொல் மாறிப்போகும் பேச்சுக் குழப்பம், ஐந்தாறு நிமிடத்தில் முழு மீட்சி. முதலில் விரல் நுனியில் சர்க்கரை பார்த்தேன், ஏனென்றால் தாழ் சர்க்கரையும் இதே வேடம் போடும். அது சரியாக இருந்தது. நாடியிலும் இ.சி.ஜி.யிலும் ஒழுங்கின்மை இல்லை. இரத்த அழுத்தம் 150/90. டி.ஐ.ஏ.வுக்குப் பின் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் ஏபிசிடி2 மதிப்பெண் போட்டால் 7-க்கு 2தான் வரும். அந்த எண்ணை நம்பியிருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கழுத்துத் தமனி அடைத்திருக்கிறதா என்பதை அந்த மதிப்பெண் கேட்பதே இல்லை. அதனால் யாரை எப்போது அனுப்புவது என்பதை அதைக் கொண்டு நான் முடிவு செய்வதில்லை.

அன்று செய்யாமல் விட்டவையும் முக்கியமானவை. அழுத்தத்தை உடனே இறக்க நாக்குக்கடியில் நிஃபெடிபின் வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த மூளைக்கு அது மேலும் குறைவைத் தரக்கூடும். "ட்ரிப்ஸ் போட்டு விடுங்களேன்" என்ற வேண்டுகோளையும் மறுத்தேன். அறிகுறி முழுவதும் நீங்கியிருந்ததாலும், இரத்தக்கசிவுக்கான காரணம் எதுவும் இல்லாததாலும் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் கொடுத்தேன். துளி பலவீனம் மீந்திருந்தாலும் மாத்திரை எதுவும் கொடுத்திருக்க மாட்டேன். அது பக்கவாதமாகவே கருதப்பட்டு, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய நாலரை மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும், 108-ஐ அழைத்திருப்பேன்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இவர் நன்றாகத்தானே இருப்பார், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதே என் கவலையாக இருந்தது. அதனால் கடிதத்தின் முதல் வரியில் நேரத்தையும், இரண்டாம் வரியில் அவர் மனைவி சொன்ன வார்த்தைகளையும் அப்படியே தமிழில் எழுதினேன். வண்டி ஓட்டக்கூடாது என்று சொன்னதும் அவர் முகம் வாடியது. ஸ்டாண்டிலிருந்து வந்த நண்பர் ஓட்ட, மனைவி கடிதத்தைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கழுத்துத் தமனியில் 80 சதவீத அடைப்பு இருந்தது. இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. அடைப்பு இல்லாத பலருக்கு ஸ்கேனுக்குப் பின், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாள் கொடுத்து, பிறகு ஒன்றை நிறுத்துவார்கள். இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டும். பீடியை விடச் சொல்லும் பணி என்னிடமே திரும்பி வந்தது.

டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் இப்போது ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: கை மரத்தது, வாய் குழறியது, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும், அவர்தான் முதலில் உள்ளே வர வேண்டும். போன மாதம் காய்ச்சல்காரர்கள் நிறைந்திருந்த ஒரு மாலையில், கதவைத் தட்டாமலேயே ஒரு பெரியவரின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் பின்னால் வந்த மகன், "அப்பாக்கு ஒண்ணுமில்ல மேடம், நாங்க வெயிட் பண்றோம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நான் மகனுக்குத்தான் முதலில் நாற்காலியைக் காட்டினேன்.