பஃபரில் வந்த சிக்னல் பிளாஸ்மாவில் வர எட்டு மாதம் ஆனது

ரத்த பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்தத்தின் திரவப் பகுதி) ஒரு மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கும் சென்சார் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று மாலைதான், பிளாஸ்மாவில் நம்பும்படியான ஒரு சிக்னல் முதல் முறையாகக் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை, இத்தனை மாதம் வீணானதே என்ற ஆதங்கமும் அடங்கவில்லை. இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்கள் நான் மாட்டிய இடங்களில் மாட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தேடியது மிர்-124. நரம்பணுக்களில் நிறைய இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) இது. மூளைத் திசு சேதமானால் ரத்தத்தில் கசியும் என்பதால் பக்கவாதம், தலைக்காயம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர். சென்சார் வழக்கமானதுதான்: தங்க எலெக்ட்ரோடு, அதன்மேல் மடிந்து நிற்கும் டிஎன்ஏ ப்ரோப், ப்ரோபின் நுனியில் மின்னோட்டம் தரும் மெத்திலீன் ப்ளூ என்ற சாயம். ஆர்என்ஏ வந்து பிணைந்தால் ப்ரோப் நிமிரும், மெத்திலீன் ப்ளூ தங்கத்தை விட்டு விலகும், மின்னோட்டம் குறையும். பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் சுத்தமான கரைசல்) இரண்டே வாரத்தில் வேலை செய்துவிட்டது.

அப்புறம் பிளாஸ்மாவுக்குப் போனேன். செயற்கை ஆர்என்ஏவைக் கலந்து ஓட்டியதும் பீக் (மின்னோட்ட வரைபடத்தின் உச்சம்) நன்றாக இறங்கியது. அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். லேபில் இருக்கும் அக்கா மட்டும், "சம்பந்தமே இல்லாத வரிசையில ஒரு ப்ரோப் போட்டு, பக்கத்துல ஓட்டிப் பாரேன்" என்றார். ஓட்டினேன். அதுவும் அதே அளவு இறங்கியது. ஆல்புமின் போன்ற புரதங்கள் எலெக்ட்ரோடின் மேல் படிந்தாலும் மின்னோட்டம் குறையும், ஆர்என்ஏ பிணைந்தாலும் குறையும். இந்த வகை சென்சாரில் அழுக்கையும் நோயையும் பிரித்துக் காட்ட பொருந்தாத ப்ரோப் ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை முதல் நாளே செய்யுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எலெக்ட்ரோடைத்தான் சந்தேகப்பட்டேன். அலுமினாப் பொடியில் தேய்த்தேன், சல்ஃபியூரிக் அமிலத்தில் திரும்பத் திரும்ப ஸ்கேன் ஓட்டினேன், மெர்காப்டோஹெக்சனாலில் (ப்ரோப்களுக்கு இடையே தங்கத்தை மூடும் வேதிப்பொருள்) ஊறும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தேன். எதுவும் மாறவில்லை. கடைசியில் ஆர்என்ஏவுக்குப் பதிலாக, அதே எழுத்து வரிசை கொண்ட டிஎன்ஏவைக் கலந்து பார்த்தேன். உடனே இரண்டு ப்ரோப்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது: எலெக்ட்ரோடில் கோளாறே இல்லை. நான் கலந்த ஆர்என்ஏ சென்சாரைத் தொடும் முன்பே காணாமல் போயிருக்கிறது.

ரத்தத்தில் ஆர்என்ஏவைக் கத்தரிக்கும் நொதிகள் ஏராளம். வெறும் ஆர்என்ஏ அதில் சில நிமிடம்கூடத் தாங்காது. உடம்பின் சொந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் பிழைப்பதே நுண்பைகளுக்குள் ஒளிந்திருப்பதாலும் ஆர்கோநாட் போன்ற புரதங்களின் பிடியில் இருப்பதாலும்தான். அந்தப் பிடியை உடைக்காமல் ப்ரோபும் அவற்றை எட்ட முடியாது. அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்: முதலில் குவானிடின் தயோசயனேட் உள்ள கரைசலைப் பிளாஸ்மாவில் ஊற்றி நொதிகளைச் செயலிழக்கச் செய்யுங்கள், அதன் பிறகுதான் செயற்கை ஆர்என்ஏவைக் கலக்க வேண்டும். நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ட்ரிஸ் பஃபரில் நேரடியாக டெப்சி (ஆர்என்ஏவைக் கத்தரிக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள்) போடாதீர்கள். ட்ரிஸே அதைத் தின்றுவிடும். டெப்சி போட்டு ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் ட்ரிஸைக் கரையுங்கள்.

இதற்கிடையில் நோயாளிகளின் மாதிரிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். உறைநிலைக் கிடங்கில் இருந்தவர் என் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இதுல புரதப் பரிசோதனைன்னுதான் இருக்கு, ஆர்என்ஏன்னு எங்கயும் இல்லையே" என்று திருப்பித் தந்தார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் முந்தைய நாள் போனில் கடிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டியபோதே அதைச் சொல்லியிருக்கலாம். திருத்தம் கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, கூட்டம் நடந்து, கடிதம் வர ஆறு வாரம்.

இரண்டாவது முறை உலர்பனிக்கட்டிப் பெட்டியோடு போய் நாற்பது மாதிரிகளை வாங்கி வந்தேன். பட்டியலில் 'பிளாஸ்மா' என்று மட்டும் இருந்தது. லேபில் பழைய பதிவேட்டின் நகலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரத்தம் எடுத்ததே பச்சை மூடிக் குழாயில். பச்சை என்றால் ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். எங்கள் சென்சாரில் நொதி எதுவும் இல்லை, அதனால் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எங்கள் முடிவைச் சரிபார்க்க பிசிஆர் (மரபுப்பொருளை நொதியால் பெருக்கி அளக்கும் சோதனை) வேண்டும், ஹெப்பாரினோ ஆர்என்ஏவோடு சேர்ந்தே பிரிந்து வந்து பிசிஆரைத் தடுத்துவிடும். ஹெப்பாரினை உடைக்கும் ஹெப்பாரினேஸ் நொதியைப் போட்டு மீட்கலாம்தான். ஆனால் அதிலும் ஏழு குழாய்கள் இளஞ்சிவப்பாக இருந்தன, 414 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஹீமோகுளோபினின் உச்சம் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பணு உடைந்தால் அதில் நிறைய இருக்கும் மிர்-16 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ எகிறும். பிசிஆரில் நான் ஒப்பீட்டுக்கு வைத்திருந்ததே மிர்-16தான். மொத்தத்தையும் ஓரம் வைத்துவிட்டேன்.

நேற்று ஓட்டியது ஈடிடிஏ பிளாஸ்மா, அதாவது ஹெப்பாரினுக்குப் பதில் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்தது. இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜ் செய்து தட்டணுக்களை நீக்கினேன், குவானிடின் ஊற்றிய பிறகு ஆர்என்ஏவைக் கலந்தேன், ஆர்என்ஏவைப் பிடித்துப் பிரிக்கும் வடிகுழாயில் (column) பிரித்தெடுத்துச் சென்சாரில் விட்டேன். பொருந்தும் ப்ரோபின் பீக் இறங்கியது. பக்கத்தில் இருந்த பொருந்தாத ப்ரோப் அசையவில்லை. மூன்று முறை திரும்ப ஓட்டினேன், மூன்றிலும் அப்படியே.

இது இன்னும் நானோமோலார் அளவில்தான். நோயாளியின் ரத்தத்தில் இருப்பது அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு, சிக்னலைப் பெருக்கும் வேலை அப்படியே பாக்கி. அடுத்த வாரம் புதிய மாதிரிகள் வருகின்றன. இன்று காலை கிடங்குக்குப் போன் செய்து, ரத்தம் எடுத்த குழாயின் மூடி நிறத்தை ஒவ்வொன்றாகப் பதிவேட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். எல்லாம் ஊதா.